கொலை வழக்கும் வெளிநாட்டு ஓட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கொலை வழக்கில் பிணையில் வந்தவர் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டால், அவர் இல்லாமலே தீர்ப்புச் சொல்லி முடித்துவிடலாமே?

பதில்: அவசரம் வேண்டாம். ஐரா ஐன்ஹார்ன் வழக்கைப் பாருங்கள். 1977-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹாலி மேடக்ஸ் என்ற பெண் காணாமல் போனார். அவருடைய உடல் 1979-இல் காதலர் ஐன்ஹார்னின் வீட்டில், ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. ஊரில் செல்வாக்குள்ள அந்த மனிதர் பிணையில் வந்து, 1981-இல் விசாரணைக்கு முன்பே ஐரோப்பாவுக்கு ஓடினார். 1993-இல் அவர் இல்லாமலே குற்றவாளி என்று தீர்ப்பானது. 1997-இல் பிரான்சில் பிடிபட்டபோது அந்தத் தீர்ப்பே குறுக்கே நின்றது. மறுவிசாரணைக்கு உறுதி இல்லையென்று பிரெஞ்சு நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்தது. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலம், மறுவிசாரணைக்கு வழிவிட 1998-இல் அதற்கென்றே சட்டம் இயற்றியது. 2001-இல்தான் ஆள் கைக்கு வந்தார். 2002-இல் ஆயுள் தண்டனை. அதற்குள் ஹாலியின் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

நம்முடைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவும் தலைமறைவானவர் இல்லாமலே விசாரிக்க அனுமதிக்கிறது. ஆள் ஐரோப்பாவில் இருந்தால், அரசுத் தரப்பு இதைத் தொடுமுன் யோசிக்க வேண்டும்.

கேள்வி: குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்குப் போனால்?

பதில்: இந்தியாவுடன் தனி ஒப்பந்தம் இல்லாத காலத்திலேயே, 2005-இல், மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை போர்ச்சுகல் ஒப்படைத்தது.

கேள்வி: தூக்குத் தண்டனை இல்லாத நாடுகள் கொலைகாரர்களுக்குப் புகலிடம் தருகின்றனவே?

பதில்: தரவில்லை, நிபந்தனை விதிக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான யென்ஸ் சோரிங் இங்கிலாந்தில் பிடிபட்டார். மரண தண்டனைக் கைதியாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது மனிதத்தன்மையற்றது என்று 1989-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. மரண தண்டனை கேட்பதில்லை என்று அமெரிக்கா உறுதியளித்தது, 1990-இல் ஒப்படைத்தார்கள். கிடைத்தது இரண்டு ஆயுள் தண்டனை.

கேள்வி: அப்படியானால் ஓடியவனுக்கு ஆயுள், ஓடாதவனுக்குத் தூக்கா? இது அநீதி இல்லையா?

பதில்: நியாயமான கோபம். நான் ஏற்கும் பதில் இது: ஆயுள் தண்டனையா, விசாரணையே இல்லாத நிலையா என்பதுதான் அங்கே உள்ள தேர்வு. நம் ஒப்படைப்புச் சட்டத்தின் 34சி பிரிவே இதை ஏற்றுக்கொண்டு, தூக்குக்குப் பதில் ஆயுள் என்கிறது. இதற்கும் மனம் ஒப்பாதவர்கள் கொல்லப்பட்டவரின் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விசாரணையைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் பட்டியல் கிடைக்குமா?

பதில்: மேலே பதில் இருக்கிறது. பட்டியல் தர மாட்டேன்.

கேள்வி: என் விசா நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு வந்தால் உடனே கைதுதானே?

பதில்: இல்லை. அது வேண்டுகோள்; கைது செய்வதா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்யும்.

கேள்வி: என் அண்ணனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஐரோப்பாவில் இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்: பிடியாணை இருக்கிறதா, வெளியுறவு அமைச்சகத்துக்குக் கோரிக்கை போனதா, ஆவணங்கள் அந்நாட்டு மொழியில் பெயர்க்கப்பட்டனவா. 356-ஆம் பிரிவில் உடனே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மறுவிசாரணைக்கு என்ன உறுதி தருவார்கள் என்று முதலில் கேளுங்கள்.