தொடர்மாடியில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

தொடர்மாடி வீட்டில் முதலிட விரும்பும் சிலரின் கேள்விகளுக்கு, யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசாக இருக்கும் நான் தரும் பதில்கள்.

நல்லூர் வாசகர்: ஐயா, கட்டியவர் உறுதிப் பத்திரம் முடித்துத் தருகிறேன் என்கிறார். அது போதாதா?

போதாது. தொடர்மாடியின் வரைபடம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அது பதிவானால்தான் உங்கள் வீடு தனி ஆதனமாகிறது. பதிவாகாத இடத்தில் காணியின் பிரிபடாத பங்கை, அதாவது எது உங்களுடையது என்று எல்லை பிரிக்காத பங்கை, எழுதிக் கொடுப்பார்கள். பிரிபடாத பங்கு எத்தனை குடும்பங்களை நீதிமன்ற வாசலில் நிறுத்தியது என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொக்குவில் வாசகி: மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் மிகவும் குறைவு. நல்லதுதானே, ஐயா?

தங்கச்சி, எனக்கு அதுதான் பயம். வீட்டை வாங்கிய அன்றே நீங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின், அதாவது வீட்டு உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த அமைப்பின், உறுப்பினர். மின்தூக்கி, நீர்ப்பம்பி, மின்பிறப்பாக்கி, கூரை எல்லாம் அதன் பொறுப்பு. இன்று வசூலிக்காத பணத்தை, மின்தூக்கி நின்ற நாளில் மொத்தமாகக் கேட்பார்கள். ஆகவே கடந்த சில ஆண்டுகளின் கணக்கறிக்கையையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீடுகள் நிலுவை வைத்திருக்கின்றன என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். விற்பவரிடம் நிலுவை இல்லை என்ற கடிதமும் கட்டாயம் வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. உரிமையாளர்களில் பலர் வெளிநாட்டில் இருந்தால் கூட்டத்துக்கு ஆள் சேராது, தீர்மானம் எடுக்க முடியாது, கட்டடம் கண்முன்னே பழுதாகும். பதிலாள் நியமித்து வாக்களிக்கும் பழக்கம் அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

டொரன்டோ வாசகர்: நான் கனேடியப் பிரஜை. வாங்கலாமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. இல்லையென்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் உங்களை வெளிநாட்டவராகவே கருதும். தொடர்மாடி வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு; ஆனால் உறுதி எழுதுமுன் முழு விலையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: வாடகைக்கு ஆள் கிடைக்குமா?

பல்கலைக்கழகமும் போதனா வைத்தியசாலையும் இருக்கும்வரை கிடைக்கும். தண்ணீரைத்தான் பாருங்கள். எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீரே கிணற்றில் ஊறுகிறது. அத்தனை வீட்டுக் கழிவும் ஒரே வளவில் இறங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் கெடும். கழிவுநீர் எங்கே போகிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள்.

அதே வாசகர்: சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாமா?

முதலில் கூட்டுத்தாபனத்தின் உபவிதிகள் அதை அனுமதிக்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் அதை எழுத்தில் பாருங்கள்.