புத்தக ஜெபமா, வாய்விட்ட ஜெபமா? ஒரே வீட்டில் இரண்டு சபைகள்

கேள்வி: நான் லுத்தரன் திருச்சபையில் வளர்ந்தவள். கணவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இராத்திரி குடும்ப ஜெபம்தான் எங்கள் வீட்டில் பெரிய தகராறு. நான் ஜெபப் புத்தகத்தை எடுத்தால், “பார்த்துப் படிப்பதெல்லாம் ஜெபமா?” என்கிறார். அவர் வழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தால் எனக்கு மனசு ஓடுவதே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களில் நான் உபவாசம் இருந்தால், “லெந்து வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறார். இப்போது அவர் வீட்டார் நான் தண்ணீரில் மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு யார் வழியைப் பழக்குவது?

பதில்: சகோதரி, நான்கு கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதல் மூன்றும் பழக்கம் சம்பந்தப்பட்டவை. வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஞானஸ்நானம் வேறு ரகம், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பல வீடுகளில் சண்டை முடியாமலே போகிறது.

முதலில் புத்தகம். உங்கள் கணவர் மனதில் மத்தேயு 6:7 இருக்கும் என்று நினைக்கிறேன், “வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்ற வசனம். நியாயமான வசனம்தான். ஆனால் அதைச் சொன்ன இயேசு, இரண்டு வசனம் தள்ளி, சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வார்த்தைக்கு வார்த்தை அமைந்த ஒரு ஜெபத்தை, நாம் கர்த்தருடைய ஜெபம் என்று சொல்வதை. சிலுவையில் அவர் கூப்பிட்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆகவே ஏற்கெனவே அமைந்த வார்த்தைகளில் ஜெபிப்பது ஜெபமே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்காக, புத்தகம் பிடித்தவர்களும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. உங்கள் சபையின் பெயருக்குரியவரே அதைக் கலைத்திருக்கிறார். விட்டன்பர்க்கில் மார்ட்டின் லுத்தருக்கு முடிவெட்டிய பீட்டர் என்ற நாவிதர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். லுத்தர் 1535இல் அவருக்காகவே ஒரு சின்ன நூல் எழுதிக் கொடுத்தார். நல்ல நாவிதன் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பான், ஊர்க்கதை பேசிக்கொண்டே சவரம் செய்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான், ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்கிறார். உலகத்திலேயே பெரிய இரத்தசாட்சி, அதாவது விசுவாசத்துக்காகச் சித்திரவதைப்பட்டுச் செத்தவர், கர்த்தருடைய ஜெபம்தான், எல்லோரும் அதை அவ்வளவு சித்திரவதை செய்கிறோம் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் வருகிறது.

அந்த நூலில் அவர் சொல்லும் முறை இன்றைக்கும் பயன்படும். பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு என்ன பாடம், எதற்கு நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று நான்கு தடவை அதைத் திருப்பிப் பாருங்கள். உதாரணமாக, ‘களவு செய்யாதிருப்பாயாக’. பாடம், பிறர் பொருளுக்குக் காவலாக இருப்பது. நன்றி, நம் வீட்டில் இருப்பதற்காக. அறிக்கை, இன்று அலுவலக நேரத்தில் ஒரு மணி நேரத்தை வீணாக்கியதற்காக. விண்ணப்பம், இழந்தவர்களுக்காக. ஒன்பது வயதுப் பிள்ளையால்கூட இதைச் செய்ய முடியும். முக்கியமான விஷயம் அடுத்ததுதான்: இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பரிசுத்த ஆவியானவரே உள்ளே பேசத் தொடங்கினால், முறையை அப்படியே விட்டுவிட்டு அமைதியாகக் கேள் என்கிறார் லுத்தர். இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். யார் எழுதியது என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் தரப்புக்கும் கனமான வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1549இல் பேராயர் தாமஸ் கிரான்மர் தொகுத்த பொது ஜெபப் புத்தகம் வந்தது. மடங்களில் நாள் முழுக்கப் பல வேளைகளாகச் சொல்லிவந்த ஜெபங்களை, காலை மாலை என இரண்டாகச் சுருக்கி சாதாரண மக்கள் கையில் கொடுத்த புத்தகம் அது. அருமையான வேலை. ஆனால் அதையே 1662இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியபோது, ஏற்க மறுத்த சுமார் 2,000 போதகர்கள் பதவி இழந்தார்கள். ஜான் பனியன் சிறையில் இருந்தபடியே, ஜெபம் ஆவியால் வர வேண்டும், அரசாங்கம் அச்சடித்துத் தருவதாக இருக்கக் கூடாது என்று வாதாடி எழுதினார். ‘பார்த்துப் படிப்பது ஜெபமா’ என்ற கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களும் நிற்கிறார்கள். அதைக் குதர்க்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர், ஆனால் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவானவர். அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கு 1784இல் ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி அனுப்பியபோது கூடவே ஓர் ஆலோசனையும் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை சபையில் இந்த முறைமை, புதனும் வெள்ளியும் குருவானவர் சொல்லச் சபை பதில் சொல்லும் மன்றாட்டு மாலை மட்டும், மற்ற நாட்களில் சொந்த வார்த்தையில் ஜெபம். நீங்கள் கேட்கும் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

அடுத்து, சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பதை பெந்தெகொஸ்தே அடையாளம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் வில்லியம் சீமோர் நடத்திய அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல் தொடங்கியதிலிருந்து அந்த இயக்கம் உலகமெங்கும் பரவியது உண்மைதான். ஆனால் 1907 ஜனவரியில் கொரியாவின் பியோங்யாங் நகர எழுப்புதலில் ஆயிரக்கணக்கானோர் ஒருமித்துச் சத்தமாக ஜெபித்தார்களே, அவர்கள் பிரஸ்பிட்டேரியன்கள். லுத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த, ஒழுங்குக்கும் நிதானத்துக்கும் பேர்போன சபை. கொரியத் திருச்சபைகளில் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் குவேக்கர்கள். 1650களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்தில் உருவானவர்கள். ஜெபப் புத்தகம் வேண்டாம், ஆவியானவர் நடத்தினால் போதும் என்று கிளம்பினார்கள். பெந்தெகொஸ்தே சபையார் சொல்வதும் இதைத்தானே? ஆனால் குவேக்கர் போய்ச் சேர்ந்த இடம் மௌனம். ஒரு மணி நேரம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது பேச உந்துதல் வந்தால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள், இல்லையென்றால் பேசாமலே கலைந்துவிடுவார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளில் அதிகச் சத்தமும் அதிக மௌனமும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை. ஆகவே சத்தம் இருந்தால் ஆவி உண்டு, அமைதி இருந்தால் இல்லை என்ற அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: ஒருமனப்பட்டுச் சத்தமிட்டு ஜெபிக்கிறார்கள், அந்த ஜெபத்துக்குள் இரண்டாம் சங்கீதத்தின் வரிகளும் வருகின்றன, கடைசியில் அந்த இடம் அசைகிறது. அந்த ஜெபத்தில் இரண்டு கட்சிக்கும் இடம் இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் உங்கள் கணவரிடம் நான் கேட்பேன். ஒரு வாரம் தன்னுடைய ஜெபத்தைத் தானே கவனித்துப் பார்க்கட்டும். சொந்த வார்த்தையில் ஜெபிப்பவர்களுக்கும் எழுதப்படாத ஒரு ஜெபப் புத்தகம் உண்டு. அதே தொடக்கம், அதே மூன்று ஸ்தோத்திரம், அதே வரிசை. அது தப்பில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

மனசு ஓடுவதே இல்லை என்கிறீர்களே, அதற்கு உங்கள் கணவருக்கும் பிடித்திருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து யோசனை. பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், விசுவாச ஜெபத்துக்கே உதாரணமாகச் சொல்லப்படுபவர், பிரதரன் சபையைச் சேர்ந்தவர். பல வருஷம் எழுந்தவுடன் நேராக ஜெபத்தில் இறங்கியதாகவும், கால் மணி, அரை மணி நேரம் மனம் அலைந்த பிறகுதான் ஜெபம் பிடித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1841 வாக்கில் முறையை மாற்றிக்கொண்டார். முதலில் வேதத்தில் சில வசனங்களை மெதுவாக வாசிப்பது, அது தானாக ஜெபமாக மாறும்வரை அதிலேயே தங்குவது. உங்கள் வீட்டிலும் சத்தத்துக்கு முன்னால் வாசிப்பு வரட்டும். ஜெபிக்க ஒரு விஷயம் கையில் இருந்தால், பக்கத்தில் எவ்வளவு சத்தம் வந்தாலும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

இப்போது லெந்து. இது நான் நினைத்தால்கூட பெரிதுபடுத்த முடியாத பிரச்சினை. உங்கள் கணவர் சபையிலும் உபவாச ஜெபம் நடக்கும், நிச்சயமாக. அவரும் உபவாசம் இருப்பவர்தான், காலண்டர்தான் வேறு. அவர் கேட்கும் கேள்வியை 1522ஆம் ஆண்டு லெந்து நாட்களில் சூரிச் நகரத்தில் ஏற்கெனவே கேட்டாயிற்று. அச்சகக்காரர் ஃப்ரோஷாவர் வீட்டில் வேலை மும்முரம், தொழிலாளிகளுக்குப் பசி, எல்லோரும் உட்கார்ந்து இறைச்சித் தொத்திறைச்சியைச் சாப்பிட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் அது குற்றம். கூட இருந்த சீர்திருத்தவாதி ஸ்விங்லி தான் சாப்பிடவில்லை. ஆனால் சாப்பிட்டவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார்: உபவாசம் இருக்க விரும்புகிறவன் இருக்கட்டும், விரும்பாதவனை வற்புறுத்தாதே. இரண்டு பக்கமும் வெட்டுகிற வாதம் அது. லெந்து இருந்தே தீர வேண்டும் என்று நீங்கள் அவரிடம் சொல்ல முடியாது. இருக்கக் கூடாது என்று அவர் உங்களிடமும் சொல்ல முடியாது. பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள், வளர்கிற வயது.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். ஜெபமுறையைப் போல இதைக் கடன் வாங்கிப் பார்க்க முடியாது. லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு, குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் முழுமையானது. திரும்ப எடுப்பது முதலாவதை மறுப்பதாகும். பாப்திஸ்து, பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளுக்கு, தானே விசுவாசித்துப் பெறுவதுதான் ஞானஸ்நானம். அதனால் அவர்கள் பார்வையில் இது ‘இரண்டாவது’ ஆகாது. நடுவில் சமரசம் இல்லாத இடம் இது. இதே சூரிச்சில் 1525 ஜனவரியில் சிலர் பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தத்தை ஏற்ற நகராட்சி.

அவர்கள் உயிரைக் கொடுத்தது மனசாட்சிக்காக, மாமியார் வீட்டில் சமாதானம் வேண்டும் என்பதற்காக அல்ல. வேதத்தை வாசித்து, உங்களுக்கே அப்படி உறுதி வந்தால் எடுங்கள். அதற்கு முன் உங்கள் போதகரிடமும் கணவரின் சபைப் போதகரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், இரண்டு பேரிடமும் ‘ஏன்’ என்று கேளுங்கள். உறுதி வரவில்லை என்றால், “இது என் விசுவாசம் சம்பந்தப்பட்டது, அவசரப்படுத்தாதீர்கள்” என்று சொல்லிவிடலாம். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியது உங்கள் கணவர்.

யாராவது “நீ முழுக்கு எடுக்க வேண்டும் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்” என்று சொன்னால் பயப்பட வேண்டாம், கேலியும் செய்ய வேண்டாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருக்கச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5, அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறது.

சரி, இன்று இராத்திரி என்ன செய்வது? இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசியுங்கள். அது உங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. ஒரு நிமிஷம் அமைதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நீளம்தான், பழகிவிடும். அப்புறம் அந்தச் சங்கீதத்திலிருந்து ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பிறகு உங்கள் கணவர் தன் வழியில் ஜெபிக்கட்டும், சத்தமாகவே. நீங்களும் பிள்ளைகளும் கூடச் சேர்ந்தாலும் சரி, ஆமென் மட்டும் சொன்னாலும் சரி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், அதன்பின் ஞானோபதேசத்தில், அதாவது லுத்தர் எழுதிய கேள்வி பதில் பாடப் புத்தகத்தில், இருக்கும் மாலை ஜெபம். அதைச் சொல்லிவிட்டு உடனே சந்தோஷமாகத் தூங்கப் போ என்று லுத்தரே குறிப்பு எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். வரிசையை மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு புது முறை பார்த்தால் எதுவும் பிடிபடாது.

முதல் சங்கீதத்தில் ஆரம்பித்து இராத்திரிக்கு ஒன்றாகப் போனால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். 119 மட்டும் ஒரே இரவில் ஆகாது. அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி. பிள்ளைகள் முணுமுணுத்தால் இரண்டு பகுதி வாசித்துவிட்டு 120க்குத் தாண்டிவிடுங்கள், மீதியை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.