அடைக்கோழி எழுந்து போகிறதே!

கேள்வி: 12 முட்டை வைத்து கோழி அடை உட்கார்ந்து 10 நாளாகிறது. தினமும் ஒருமுறை எழுந்து வெளியே போகிறது. முட்டை ஆறிக் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. அடைக்கோழி தினமும் 20 நிமிடம்போல எழுந்து, தீனி தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, மூக்கைப் பிடிக்கவைக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பும். கூட்டிலேயே அடைத்து வைத்தால்தான் முட்டையெல்லாம் அசிங்கமாகும்.

இன்றிரவு இருட்டில் ஒவ்வொரு முட்டையாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பும் கருநிழலும் தெரிந்தால் சரி. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். அப்புறம், 21ஆம் நாள் வாக்கில் குஞ்சு ஓட்டைக் கொத்தும்போது நேரமாகிறதே என்று உடைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு, ரத்தம் கசிந்துவிட்டது.