அம்மம்மாவின் சோறு குறைந்தது, குளிசை குறையவில்லை

கேள்வி: என் அம்மம்மாவுக்கு 78 வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவ, இப்போது கல்லடியில் எங்களோடு இருக்கிறா. சீனி வருத்தமும் பிரஷரும் பல வருடமாக உண்டு. சீனிக்கு மெட்ஃபோமின், கிளிக்கிளசைட் என்ற இரண்டு குளிசையும் குடிக்கிறா. சீனி கூடிப் போனதால் நாலு மாதமாக அவ சமைக்கிறதை நிறுத்திவிட்டோம். சோறு, தேங்காய்ப்பால் எல்லாம் இல்லை. காலையில் ஓட்ஸ், இரவில் பாண் அல்லது கிறீம் கிறேக்கர். மாமி தினமும் பாகற்காயும் குறிஞ்சா இலையும் இடித்துச் சாறு கொடுக்கிறா. 52 கிலோ இருந்தவ 46க்கு வந்துவிட்டா. விடியச் சாமத்தில் எழும்பி வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருப்பா, என்னை அம்மாவின் பெயரால் கூப்பிடுவா. "என்ட கையால ஒரு ஆணம் வெச்சுத் தின்னாட்டி நாக்குச் செத்துப் போகும் புள்ள" என்று அழுகிறா (ஆணம் என்றால் குழம்பு). வயதுக்கோளாறா, பிடிவாதமா? அவவின் சமையலை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அது எங்களுக்கு நல்லதா?

பதில்: கொப்பிக்குப் பிறகு வருகிறேன். விடியச் சாமத்து வேர்வைதான் முதலில்.

இது பிடிவாதமும் இல்லை, வயதுக்கோளாறாகவும் எனக்குப் படவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கிப் போகிறது என்றே சந்தேகிக்கிறேன். கிளிக்கிளசைட் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் சாப்பாட்டைப் பாதியாக்கினீர்கள், குளிசை பழைய அளவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் சாறு வேறு. பாகலும் குறிஞ்சாவும் தம் பங்குக்குச் சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. வயது போகப் போகச் சிறுநீரகமும் தளர்வதால் இந்த வகைக் குளிசையின் வேகம் அடங்கவும் நேரமெடுக்கும். சீனி இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், ஆளை ஆள் மாறித் தெரியும். பேத்தியை மகளின் பெயரால் கூப்பிடுவது பாட்டிமார் எல்லாரும் செய்வதுதான். வேர்வையோடு சேர்ந்து வரும்போதுதான் எனக்குப் பயம்.

இன்றைக்கே ஒரு குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கட்டும். அவ வேர்த்து எழும்பும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டரில் 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியபின் கொஞ்சம் சோறோ வாழைப்பழமோ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் சீனித்தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை கொடுத்தால் தீங்கில்லை, இறங்கிய சீனியை விட்டுவைத்தால்தான் ஆபத்து. விழுங்க முடியாத மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

கிளினிக் துண்டில் உள்ள திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய், எத்தனை கிலோ குறைந்தது, என்ன சாப்பிடுகிறா என்று சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்பது அவர் முடிவு. அதுவரை சாறு வேண்டாம். அவ சாப்பிடாத வேளையில் கிளிக்கிளசைட் கொடுக்கவும் வேண்டாம். இந்த வயதில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்தை ஒட்டி நின்றாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். இளம் ஆட்களின் இலக்கைத் துரத்திப் பிடிப்பதில் விழுந்து இடுப்பு முறிவதுதான் மிச்சம். ஆறு கிலோ போனதற்குச் சாப்பாடு குறைந்ததே காரணம் என்று எனக்குத் தோன்றினாலும், இரத்தம், தைரொயிட், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபோமின் பல வருடம் குடித்தவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். கால் விறைக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

இனிச் சமையல். 'சோறு வேண்டாம், ஓட்ஸ் சாப்பிடுங்கள்' என்ற தாளை இளம் வைத்தியராக இருந்தபோது நானும் நூற்றுக்கணக்கில் நீட்டியிருக்கிறேன். வீட்டில் அது பாணாகவும் பிஸ்கட்டாகவும் மாறும் என்று அப்போது யோசிக்கவில்லை. இரண்டு துண்டுப் பாணில் உள்ள மாச்சத்தும் ஒரு சின்னக் கோப்பைச் சோற்றில் உள்ளதும் ஏறத்தாழ ஒன்றுதான். தீட்டாத சிவப்பரிசி வெள்ளைப் பாணைவிட மெதுவாகத்தான் சீனியை ஏற்றும். கூடவே முருங்கை இலைச் சுண்டலும் வாவி மீனும் வந்தால் இன்னும் மெதுவாகும். பாணோடு வருவது மாஜரின்தானே?

ஆக, அடுப்படியை அவவிடமே திருப்பிக் கொடுங்கள். அளந்து ஒரு கோப்பைச் சோறு, அதைவிடக் கூடுதலாக மரக்கறியும் இலைக்கறியும், ஒரு நல்ல துண்டு மீன். மெலிந்தவவுக்கு மீனும் முட்டையும் தயிரும் அவசியம். தயிரில் பாணி மட்டும் ஊற்ற வேண்டாம். அரைத் தேங்காயில் ஆறு பேருக்கு வைக்கும் ஆணத்தில் ஒருவருக்கு வரும் கொழுப்பு பயப்படும் அளவு இல்லை. முதற்பாலை ஒவ்வொரு கறிக்கும் ஊற்றாமல் ஒன்றுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை இரண்டாம் பாலிலோ புளியாணமாகவோ வைக்கலாம். பழஞ்சோறும் சரி. ஆறிய சோற்றின் மாச்சத்தில் ஒரு பங்கு இலகுவில் செரிக்காத வடிவுக்கு மாறும், அதற்காக இரண்டு கோப்பை போட வேண்டாம். குறிஞ்சாவைச் சுண்டலாகக் கிழமைக்கு ஒரு நாள் சாப்பிடலாம், அதுவும் குளிசை சரிப்படுத்தியபின்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் கருவாடும் உப்பும். பிரஷர் உள்ளவவுக்குத் தினம் கருவாடு கூடாது. ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு, அதுவும் ஊற வைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து. வயதானால் நாக்கின் ருசி மங்குவதால் கை தன்னை அறியாமலே கூடப் போடும்.

உங்கள் கொப்பியில் 'உப்பு கண்ணளவு' என்றுதானே எழுதியிருப்பீர்கள்? அடுத்த முறை ஆணம் வைக்கும்போது அவ அள்ளும் உப்பைச் சட்டியில் விழவிடாமல் ஒரு கடதாசியில் வாங்கி, தேக்கரண்டியால் அளந்து எழுதுங்கள். பிறகு அதில் காற்பங்கைக் குறைத்துப் போட்டு, இறக்கும்போது தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழியுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிடும். அவவுக்குச் சொல்லாமல் மட்டும் செய்ய வேண்டாம், முதல் கவளத்திலேயே பிடித்துவிடுவா.