துருவக் கடலின் நுண்பாசியும் வைரஸும்: காரைக்குடிக் கேள்வி பதில்

வள்ளியம்மை, தேவகோட்டை: ஐயா, கடல் சூடேறினால் பாசியைத் தாக்கும் வைரஸ் பெருகுமா, அழியுமா?

வைரஸை மட்டும் தனியே வைத்து இதற்கு விடை சொல்ல இயலாது அம்மா. கண்டாங்கி நெய்ய நூலும் தறியும் நெசவாளர் வீட்டிலேயே இருப்பதைப் போல, வைரஸ் பெருகத் தேவையான யாவும் பாசியின் செல்லுக்குள்தான் இருக்கின்றன. வைரஸ் கொண்டுவருவது சேலைக் கட்டத்தின் கணக்கைப் போன்ற மரபணுக் குறிப்பை மட்டுமே. ஆர்க்டிக்கில் மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்றொரு பச்சைப்பாசி உண்டு. 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியது, ஒற்றைச் சாட்டையிழையால் நீந்துவது. உறைநிலையை ஒட்டிய நீரில் மந்தமாக இருக்கும் அந்தச் செல், சில டிகிரி கூடியதும் விரைந்து வளர்கிறது. உள்ளே புகுந்த வைரஸ் முற்றி வெளியேறும் காலமும் அதனோடு சுருங்குகிறது. பாசி தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டால் இரண்டுமே நலியும். ஆனால் இவையெல்லாம் ஆய்வகக் குடுவையில் கண்டவை. அப்படியே கடல் முழுவதற்கும் நீட்டிவிட வேண்டாம்.

ராமநாதன், கானாடுகாத்தான்: அப்படியானால் துருவப் பாசி முழுவதும் அழிந்துவிடுமா?

அழியாது. எதிர்ப்புள்ள செல்கள் மிஞ்சிப் பெருகும். நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் இயங்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள் போன்ற இடங்களில், உருகும் பனியாறு கொண்டுவரும் நுண்வண்டல் வைரஸ்களைத் தன்மீது ஒட்டவைத்து நீரிலிருந்து விலக்குகிறது. குடுவையில் இந்த வண்டல் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சொக்கலிங்கம், காரைக்குடி: செத்த பாசி அடியில் படிந்தால் காற்றில் கரியமில வாயு குறையும், நல்லதுதானே?
மீனாட்சி, புதுவயல்: அண்ணன் சொல்வது தவறு, அது மீண்டும் காற்றுக்கே போகும்.

இருவரும் பாதியைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். வைரஸால் வெடித்த செல்லின் சத்து நீரில் கரைகிறது. அதை உண்ணும் பாக்டீரியா சுவாசிக்கையில் கார்பன் டை ஆக்ஸைடு வெளிப்பட்டு மேல்நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் அதே செல்லின் பிசுபிசுப்பான எச்சம் திரண்டு, எமிலியானியா ஹக்ஸ்லியி என்னும் கடல் நுண்பாசியின் சுண்ணாம்புத் தகடுகள் போன்ற எடையும் சேர்ந்தால், ஆழத்துக்கு இறங்குகிறது. எந்தப் பங்கு மிகும் என்பதைப் பாசியின் இனமும் பருவமும் முடிவு செய்கின்றன. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இந்த மிதவைப் பாசிகளுடையது; ஆகவே இந்தக் கணக்கைக் கட்சி கட்டிப் பேசித் தீர்க்கலாகாது.

சாத்தப்பன், பள்ளத்தூர்: மொத்தப் பாசியும் அழியுமா? மனிதருக்குத் தொற்றுமா?

முதற்கேள்விக்கு ராமநாதனுக்குச் சொன்னதே விடை. மனிதருக்குத் தொற்றாது.

அழகம்மை, கோட்டையூர்: எங்கள் ஊருணி பச்சையாகிவிட்டது, இந்த வைரஸை விடலாமா?

கூடாது, மைக்ரோமோனாஸைத் தாக்குவது ஊருணிப் பாசியைத் தீண்டாது. கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று முதலில் பாருங்கள்.