வாங்கலாமா, வேண்டாமா? கால் மசாஜ் கேள்விகள்

போன முறை பியூட்டி பார்லர் பில்லைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கால் மசாஜைப் பற்றியவை. சரி, இந்த முறை காலோடு நிற்போம். கேள்வி மேலே, என் பதில் அதன் கீழே.

திங்கள்சந்தையில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். பெடிக்யூரோடு கால் மசாஜும் சேர்க்க ஆசை. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் தொட்டி வைத்த ஸ்பா நாற்காலி 85,000 ரூபாய் என்கிறார் விற்பனைக்கு வந்தவர். அது இல்லாமல் ஆள் வராதா அண்ணாச்சி?

வரும். ஆள் வருவது உங்கள் கைக்காக, நாற்காலிக்காக இல்லை. அந்த ஜெட் தொட்டியைத் தினமும் கழற்றிக் கழுவ ஆள் உண்டா என்று முதலில் யோசியுங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், ஒரே பார்லரில் காலை நனைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பியது. தொட்டி தண்ணீரை உறிஞ்சும் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் முடியும் தோலும் அடைந்து கிடக்கிறது. கிருமி அதில்தான் குடியிருந்தது.

உங்களுக்கு வேண்டியது வழவழப்பான ஒரு பேசின், ஆளுக்கொன்று என்று எடுக்கிற அளவுக்குத் துவர்த்து (துண்டு), ஒரு தெர்மாமீட்டர், நீங்கள் உட்கார ஒரு தாழ்ந்த ஸ்டூல். தண்ணீர் 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும், காலைப் பத்து நிமிடம் வைக்கட்டும். விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, ஒரு காலைத் துவர்த்தில் சுற்றி வைத்து மற்றதில் தொடங்குங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் எண்ணெய். விரலிலிருந்து கணுக்காலை நோக்கி இரண்டு உள்ளங்கையாலும் நீளமாக நீவி, பிறகு பாதத்தின் குழிவில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, குதிகாலைப் பிசைந்து, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விடுங்கள். கணுக்காலை இரு பக்கமும் சுழற்றிக் கொடுங்கள். முடிந்ததும் உள்ளங்காலில் எண்ணெய் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். இதை மறந்தால் வாடிக்கையாளர் உங்கள் டைல்ஸில் வழுக்கி விழுவார்.

வெட்டு, சேற்றுப்புண், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறின தோல் இருந்தால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் கையே வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஆன்லைனில் கால் மசாஜ் மெஷின் வாங்கினேன். மகள் வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொடுக்கலாம் என்று பிரிக்காமலே வைத்திருந்தேன். 40 நாள் கழித்துப் பிரித்தால் ஓடவில்லை. திருப்பி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். (கொல்லங்கோடு)

பரிசாகவே இருக்கட்டும், வந்த அன்றைக்கே பிளக்கில் சொருகிப் பார்க்க என்ன தடை? வாரன்டி அட்டை பெட்டிக்குள் கிடக்கும், அதைத் தேடி எடுத்துக் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

கருங்கலில் பார்லர் வைத்திருக்கிறேன், நான் ஒருத்திதான் வேலைக்கும். சுயஉதவிக் குழுக் கடன் எடுத்து வாங்கின ஃபுட் ஸ்பா தொட்டியில் 12ஆம் நாள் ஹீட்டர் போய்விட்டது. "விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லிலேயே இருக்கு. வியாபாரத்துக்கு வாங்கினதால் நுகர்வோர் கேஸும் போட முடியாது" என்கிறார் கடைக்காரர்.

இரண்டுமே தப்பு தங்கச்சி. பயப்படாதே.

வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை என்பது பொது விதி, அதுவரை சரி. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதே இடத்தில் ஒரு விளக்கமும் தருகிறது: சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். கடன் எடுத்து, சொந்தக் கையால் வேலை பார்க்கிற நீ அதில் அச்சாக வருகிறாய். அப்புறம், பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ரப்பர் ஸ்டாம்பில் எதையாவது குத்திவிட்டால் சட்டம் மாறிவிடாது.

இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடு, ஓடாத தொட்டியை வீடியோ எடுத்து வை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கு. அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதற்காக இரண்டு வருடம் காத்திருக்காதே.

கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் "டீடாக்ஸ்" தொட்டியில் காலை வைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறியது. உடம்பின் விஷமெல்லாம் இறங்குகிறது, பத்து முறை வந்தால் சுகர் குறையும் என்கிறார்கள். மொத்தமாகப் பணம் கட்டலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் நானே ஏமாந்தவன். நாகர்கோவிலில் ஒரு பொருட்காட்சியில் 4,500 ரூபாய் கொடுத்து அதே தொட்டியை வாங்கினேன். ஒரு வாரம் தினமும் காலை வைத்து, பழுப்புத் தண்ணீரை வீட்டில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினேன். எட்டாம் நாள் உப்பைப் போட்டு ஸ்விட்சைத் தட்டின நேரம் மச்சினன் போன் செய்தான். திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் அதே பழுப்பு, மேலே அதே நுரை, அடியில் அதே கறுப்புத் துணுக்கு. என் கால் மட்டும் உள்ளே இல்லை.

அந்தத் தொட்டியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகிறது, அதுதான் அந்தச் சாயா நிறம். உப்பு கூடினால் நிறமும் கூடும். கழிவைப் பிரித்து வெளியேற்ற உடம்பில் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, உள்ளங்கால் வழியாக எதுவும் கொட்டுவதில்லை. ராத்திரி ஒட்டிப் படுத்தால் காலையில் கறுத்திருக்கும் பட்டையும் இதே ஜாதிதான், அதில் உள்ள பொடி வியர்வை பட்டதும் கறுக்கும். கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் காட்டிப் பாருங்கள், கெட்டிலுக்கும் விஷம் இறங்கும்!

சுகரைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். இன்னும் சந்தேகம் என்றால் அந்தக் கடையில் காலை வைக்காமல் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என் தொட்டியில் இப்போது வீட்டுக்காரி கறிவேப்பிலை நட்டிருக்கிறாள். நன்றாக வருகிறது.

மசாஜ் செய்யும்போது கூச்சம் தாங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா? (தக்கலை)

வாய் எதற்கு இருக்கிறது? "கொஞ்சம் அழுத்திப் பிடி மோளே" என்று சொல்லுங்கள். லேசாகத் தடவினால்தான் கூசும்.

அம்மாவுக்கு 64 வயது, சுகர் உண்டு. பிறந்தநாளுக்கு நான்தான் பார்லருக்குக் கூட்டிப் போனேன். வெந்நீரில் வைத்த கால் கொப்புளித்துவிட்டது. அம்மாவுக்குச் சூடே தெரியவில்லை. "சுகர் இருப்பதை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்" என்கிறார் பார்லர்க்காரர். (வடசேரி)

தம்பி, உன்னைத் திட்ட மனம் வரவில்லை. முதலில் புண்ணை டாக்டரிடம் காட்டு, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து டாக்டரோ, இன்றைக்கே. சுகர் காலில் கொப்புளத்தை வீட்டு வைத்தியத்துக்கு விடக்கூடாது. சீட்டில் "சூட்டுப் புண்" என்று எழுதி வாங்கு.

நாள்பட்ட சுகரில் பாதத்து நரம்பு மரத்துப்போகும், சூடு உறைக்காது. அதனால்தான் காலைத் தொடும் முன்னே "சுகர் உண்டா?" என்று கேட்பதும், தண்ணீரைத் தன் கையால் பார்ப்பதும் தொழில் செய்கிறவரின் கடமை. அவர் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. இது சேவைக் குறைபாடு. போட்டோ, மருத்துவச் சீட்டு, பணம் அனுப்பின குறுஞ்செய்தி மூன்றையும் வைத்து, சிகிச்சைச் செலவைக் கேட்டு எழுது. வழி மேலே கருங்கல் தங்கச்சிக்குச் சொன்னதுதான்.

பத்து முறை மசாஜுக்கு 6,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மூன்று முறைக்குப் பிறகு கடை பூட்டிக் கிடக்கிறது. பில் வாங்கவில்லை. (முளகுமூடு)

பில் வாங்காமல் 6,000! போன் வழியாக அனுப்பியிருந்தால் பிழைத்தீர்கள், அந்தப் பதிவே சாட்சி. மிச்சம் ஏழு முறைக்கான 4,200 ரூபாயைக் கேட்டு, உரிமையாளரின் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள், 1915லும் பதியுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்களோடு வந்த ஆள், கடைக்காரர் அனுப்பின வாட்ஸ்அப் என்று ஏதாவது தேற வேண்டும்.

லேபிள் இல்லாத பாட்டிலில் "ஆசான் கைப்பட காய்ச்சின வர்ம எண்ணெய்" 900 ரூபாய். என் பார்லருக்கு வாங்கலாமா? (குலசேகரம்)

வேண்டாம். ஆயுர்வேத, சித்த மருந்து என்று விற்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி லேபிளில் இருக்க வேண்டும். நம் மாவட்டத்து வர்ம வைத்திய ஆசான்மார் பலரை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர்கூட ரோட்டோரம் பாட்டில் அடுக்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மசாஜுக்கு நல்ல தேங்காய் எண்ணெய் போதும், அது நம் ஊரில் கிடைக்காத சாமானா? நானும் ஒரு முறை இப்படி ஒரு பாட்டில் வாங்கினேன். மூட்டு வலி அப்படியே இருந்தது. வேட்டியில் விழுந்த பச்சைக் கறை மூன்று வெளுப்புக்குப் பிறகும் போகவில்லை.