கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டத்தில் பச்சைப் பட்டாணி காய்க்குமா?

கேட்டவருக்கு நாகர்கோவில் பக்கம் வீடு, பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, பட்டாணி போடலாமா என்கிறார். அதற்கு ஒருவர், "அது ஊட்டிப் பயிர், குமரியில் காய்க்காது, வீணாக முயற்சி செய்யாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காய்க்கும். குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் காய்த்தது, உரித்துச் சாப்பிட்டோம்.

காய்க்காது என்று சொன்னவரே, நீங்கள் அநேகமாக மளிகைக்கடைப் பட்டாணியை ஊறவைத்து, லீவில் நேரம் கிடைத்ததே என்று சித்திரையில் ஊன்றியிருப்பீர்கள். செடி ஒரு சாண் வளர்ந்து அடியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்திருக்கும். அதில் உங்கள் மேல் குற்றமில்லை. பட்டாணிக்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி, 30-ஐத் தாண்டினால் பூத்தாலும் பூ கொட்டும். அந்தக் குளிர் நம் ஊரில் எந்த மாதமும் முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் இருப்பதில் நல்ல காலம் மார்கழிதான். செடி பூக்கும் நாட்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் அம்மா கல்யாணம் வரைக்கும் கோத்தகிரியில் வளர்ந்தவர். வடசேரி சந்தையிலிருந்து வாங்கி வரும் பட்டாணியை ஒன்று உரித்து வாயில் போட்டுவிட்டு, "பறிச்சு எத்தனை நாளாச்சோ" என்று ஒதுக்கிவிடுவார். அவர் சொல்வது சரிதான், பறித்ததுமே அதன் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், லாரியில் இறங்கி வரும் காயில் அந்த ருசி இருக்காது. அம்மாவுக்காகத்தான் போட்டேன்.

ஆர்க்கல் என்ற ரகம், குட்டைச் செடி, இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். ஐப்பசி மழையில் ஊன்றினால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும் என்பதால் மழை கொஞ்சம் ஓயட்டும் என்று இருந்து, கார்த்திகை பிறந்ததும் ஊன்றினேன். நம் பக்கத்துச் செம்மண்ணில் புளிப்பு அதிகம், பட்டாணிக்கு அது ஆகாது, அதனால் முன்கூட்டியே சுண்ணாம்புத் தூள் கலந்து ஆறப்போட்டு, பிறகுதான் தொழுவுரம் போட்டேன். பயறு வகைதானே, தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று சும்மா விட்டுவிடாதீர்கள். அந்தச் சத்தைப் பிடித்துக் கொடுப்பது வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்தான்; தட்டைப்பயறு வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிர் வேறு, பட்டாணிக்கு உள்ளது வேறு, பட்டாணியே போடாத மண்ணில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. இடம் பலாமரத்துக்குக் கிழக்கே, காலை வெயில் உண்டு, மத்தியானத்துக்கு மேல் நிழல். மூட்டில் சருகு போட்டு மண்ணைக் குளிர்ச்சியாக வைத்தேன். கொடி பிடிக்க எல்லாரும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கம்பு நடுவார்கள், பட்டாணியின் பற்றுக்கம்பி நூல் மாதிரி இருக்கும், அவ்வளவு தடிமனான கம்பைச் சுற்றாது. தென்னை ஈர்க்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிவிட்டேன், அதை அழகாகப் பிடித்துக்கொண்டது.

மார்கழியில் வெள்ளைப் பூ. தை பிறந்ததும் காய். அம்மா அங்கேயே நின்று உரித்து உரித்துத் தின்றார், "இதுதாம்ல பட்டாணி" என்றார். மீதியை ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தோம்.

கிலோக் கணக்கில் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, வீட்டுக்குக் கறி வைக்கிற அளவுதான், கொஞ்சம் பூ கொட்டத்தான் செய்தது. லாபத்துக்குப் பயிரிடுங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. "வாங்கினால் இதைவிட மலிவு" என்பார்கள், முற்றத்தில் ரோஜா வைப்பவரிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

எனக்குச் செடியில் வந்த பெரிய தொல்லை பூச்சி இல்லை, தூசிதான். கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக எங்கள் ரோட்டில் டாரஸ் லாரி போகிறது. அந்த ரோடு அந்தப் பாரத்துக்குப் போட்டதே இல்லை. குழி விழுந்து, மழை நின்ற மறுநாளே புழுதி கிளம்பி இலையெல்லாம் வெள்ளை. ஸ்கூல் விடும் நேரத்தில் பிள்ளைகளை ஓரமாக நடத்திக் கூட்டி வரவே பயமாக இருக்கிறது. மலையைக் கல்லாக்கி அனுப்பிவிட்டு மழை குறைந்துவிட்டது, வெயில் கூடிவிட்டது என்று பேசுகிறோம். மனு கொடுத்தும் பார்த்தாயிற்று, வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்வீர்கள், தினமும் செடிக்குத் தண்ணீர் தெளித்துத் தூசி கழுவுகிறவனுக்குச் சம்பந்தம் இருக்கிறது. சாயங்காலம் இலையை நனைத்தால் நோய் வரும் என்பதால் பிறகு அந்த வேலையைக் காலைக்கு மாற்றினேன்.

விதைக்கு மளிகைக்கடைப் பட்டாணி வேண்டாம். சிலவற்றை ஊறவைத்தால் தண்ணீரே பச்சையாகிறது, சாயம். விதைக்கடையில் உறையில் வருவதை வாங்குங்கள், அடுத்த வருஷத்துக்கு நீங்களே எடுத்துவையுங்கள். பட்டாணி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், மெண்டல் தன் சோதனைக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதனால் ரகம் கலந்துவிடுமோ என்ற பயம் அதிகம் வேண்டாம். தை வெயிலிலும் பூ கொட்டாமல் நின்ற செடிகளிலிருந்து மட்டும் நான் விதை எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீடு கடற்கரையை ஒட்டி, மார்கழியிலும் வியர்க்கிற இடம் என்றால் பட்டாணியோடு சிறகவரையும் (காயின் நான்கு ஓரத்திலும் சிறகு மாதிரி விளிம்பு உள்ள கொடி அவரை) போடுங்கள். பகல் குறையும்போதுதான் அது பூக்கும், ஆடியில் ஊன்றினால் ஐப்பசியிலிருந்து காய் பார்க்கலாம். பிஞ்சாகப் பறித்துத் துவரன் வைக்க அருமையாக இருக்கும், இந்தச் சூடும் அதற்குப் பிரச்சினை இல்லை.